சேருக்கு மட்டும் டிக்கெட்

எனக்கு டிக்கெட் கிடையாதுக்கா. இந்த சேருக்குத்தான் டிக்கெட். சிரிக்காதீங்க, உண்மை. பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீதானே என்று ஏறினால், "நீ ஃப்ரீ, உன் சேர் ஃப்ரீ இல்ல, அது என்ன பொம்பளையா?" என்று கண்டக்டர் கேட்கிறார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினதிலிருந்து இந்த ஒரே ஜோக்கை நாலு பேரிடம் சொல்லிவிட்டார். லக்கேஜ் டிக்கெட்டை என் கையில்கூடக் கொடுக்கவில்லை, சேரின் கைப்பிடியில் செருகிவிட்டுப் போகிறார் பாருங்க.

உங்க காலில் இடித்துவிட்டதா? சக்கரம். பிரேக் போட்டால் ஓடும். நான் பிடித்துக்கொள்கிறேன். என் பையை மட்டும் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளுங்க. மடங்காமல். உள்ளே ஒரு ஃபாரம் இருக்கு.

நானா? வேண்டாம்க்கா, நிற்கிறேன். இதிலா? இதில் உட்கார மாட்டேன். இது எங்க அண்ணனுடையது.

கால் எல்லாம் வலிக்காது. ரெண்டு வருஷமாக நிற்கிறேன். கடைவீதியில் ஜவுளிக்கடை. பேர் எதற்கு, சொன்னால் "ஓ அதுவா" என்பீங்க. மூணாவது மாடி, பூனம், ஷிபான், தினசரி கட்டுற சேலை. காலையில் ஒன்பதரைக்கு நின்றால் நின்றதுதான். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், அப்போது உட்காரலாம். நடுவில், கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்கணும் என்று சட்டம் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். செக்‌ஷனுக்கு ஒரு ஸ்டூல் வந்தது. முதல் நாள் எங்க மஞ்சுளாக்கா உட்கார்ந்தார். சூப்பர்வைசர் வந்தார். பார்த்தார். அவ்வளவுதான். மறுநாள் ஸ்டூல் மேல் ஃபால்ஸ் துணி பண்டல் ஏறிவிட்டது. இன்றைக்கு வரை அந்த பண்டல்தான் உட்கார்ந்திருக்கு.

நான் முதலில் கீழே பட்டு செக்‌ஷனில் இருந்தேன். ஒரு அம்மா வந்து, "சாயம் போகுமா பாப்பா?" என்று கேட்டார். போகும் என்றேன். போகிற சேலையைப் போகும் என்றுதானே சொல்லணும்? அதற்காக மூணாவது மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். எனக்குப் பொய் வராதுக்கா. அது நல்ல குணம் என்று சொல்லவில்லை. வராது, அவ்வளவுதான்.

சேர் கதைதானே கேட்டீங்க. சொல்கிறேன். இப்போதுதான் காவேரிப் பாலம், லால்குடி போக நேரம் இருக்கு.

எங்க அண்ணன் பேர் கலைவேந்தன். அப்பா வைத்த பேர். எங்க அப்பா லால்குடியில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினவர். இடுப்பு போன பிறகு அதே மில்லில் வாசல் காவல். அண்ணன் பிறந்த அன்றைக்கே சொன்னாராம், "நம்ம வம்சத்துல எவனும் உக்காந்து சம்பாரிச்சதில்ல. இவன் ஒருத்தன் உக்காரட்டும்." நான் பிறந்தபோது என்ன சொன்னார் என்று அம்மாவிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு லோடு வந்துருச்சுடி" என்றாள்.

அண்ணன் இஞ்சினியரிங் முடித்தான். முடித்துவிட்டு குரூப் டூவுக்குப் படிக்கிறான். அஞ்சு வருஷமாக. நல்லா படிக்கிறவன்க்கா, தப்பாக நினைக்காதீங்க. முதல் தடவை ரெண்டு மார்க்கில் போனது. தெருவே வந்து துக்கம் விசாரித்தது. அடுத்த தடவை பதினொரு மார்க். மூணாவது தடவை எத்தனையில் போனது என்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நான் ப்ளஸ் டூவில் பயாலஜி எடுத்தேன். நர்சிங் போகணும். மார்க்கும் இருந்தது. அப்பா சொன்னார், "கலை ஒரு வேலையில உக்காந்துறட்டும் நிரோஷா, அடுத்த மாசமே ஒன்ன சேத்து விட்டுர்றேன்." அந்த அடுத்த மாசம் ரெண்டு வருஷமாக வரவில்லை. இந்த வருஷமும் வராவிட்டால் துறையூர் மாமா ஒரு மாப்பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவரும் உட்காருவதில்லை. உங்க மடியில் இருக்கே, அந்த ஃபாரம், அது நர்சிங் ஃபாரம்தான். போன வாரம் வாங்கினேன். பரீட்சைக்கு இன்னும் முப்பத்தாறு நாள். அண்ணன் இந்தத் தடவை நல்லா எழுதிவிட்டு வந்தாலே போதும், ரிசல்ட் வரும் முன்னாடியே அப்பாவிடம் பேசிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். அதனால்தான் இந்த சேரைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். அண்ணன் மேல் பாசம் என்று நினைக்காதீங்க. அதுவும் இருக்கு, ஆனால் அதற்காக இல்லை.

முதலில் பிளாஸ்டிக் சேர்தான் இருந்தது. முதுகு ஒட்டுகிறது, வேர்க்கிறது என்றான். அப்பா மில் ஆபீஸிலிருந்து ஒரு பழைய மர சேர் கேட்டு வாங்கிவந்தார். குத்துகிறது என்றான். அம்மா பழைய சேலையை மடித்துத் தைத்து மெத்தை போட்டாள். வழுக்குகிறது என்றான். அதற்கு முன்னாடி லைட்டு சரியில்லை, மாற்றினோம். பக்கத்து வீட்டில் டிவி சத்தம், அம்மா போய் சண்டை போட்டு இப்போது அவர்கள் எங்களோடு பேசுவதில்லை. இதெல்லாம் முடிந்து, போன தை மாசம், பொங்கல் கழித்து ஒருநாள் சொன்னான், "நாள் பூரா உக்கார்ற மாதிரி நல்ல சேர் ஒண்ணு இருந்தா படிச்சிருவேம்மா."

எங்க அம்மா அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். சாம்பார் கிண்டிக்கொண்டே டீச்சர்களிடம் எல்லாம் கேட்டிருக்கிறாள், "நாள் பூரா உக்கார்ற சேரு எங்க கெடைக்கும் டீச்சர்?" ஒரு டீச்சர் பாலக்கரையில் அமானுல்லா பாய் கடை என்று சொல்லியிருக்கிறார். ஆபீஸ் சேர் புதுசும் பழசும் விற்கிறவர், ரிப்பேரும் பார்ப்பார்.

போய் எடுக்க வேண்டியது யார்? நான்தான். எனக்குத்தானே துணிமணி பார்க்கத் தெரியும், திருச்சி தெரியும். "நீயும் வாடா, உக்காந்து பாத்து எடு" என்று அண்ணனைக் கூப்பிட்டேன். "அங்க வந்து உக்கார்ற நேரத்துல இங்க ஒரு யூனிட் முடிச்சிருவேன்" என்றான். நியாயம்தானே?

அதனால் அம்மா அளவு எடுத்தாள். சிரிக்காதீங்கக்கா. ஜாக்கெட் தைக்க அளவு ஜாக்கெட் கொடுப்போம் இல்லையா, அந்த மாதிரி. அண்ணனை நிற்க வைத்து, தரையிலிருந்து முட்டி வரை நூல் பிடித்து ஒரு முடிச்சு. இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரு முடிச்சு. குறுக்கே ஒரு முடிச்சு. அதுவும் போதாதென்று அவனுடைய ஒரு பேன்ட்டையும் மடித்துப் பையில் வைத்துவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே நின்றான். அவன் கடைசியாகச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

பாய் அந்தப் பேன்ட்டைப் பார்த்துவிட்டு கடையில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டார். "முப்பது வருஷமா சேர் விக்கிறேன், சேருக்கு அளவு பேன்ட்டு கொண்டாந்த மொத ஆளு நீதாம்மா." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நூலும் கொண்டாந்துருக்கேன்" என்றேன். நூலை வாங்கி, உண்மையாகவே ஒவ்வொரு சேரிலும் பிடித்துப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், அதை நான் மறைக்க மாட்டேன்.

"ஒக்காந்து பாரும்மா" என்றார்.

"எனக்கில்ல, எங்கண்ணனுக்கு" என்றேன்.

"யாருக்கா இருந்தா என்ன, ஒக்காந்தாத்தான சேரு பேசும்."

நான் உட்காரவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? கடை அது. கடைக்குள் போனால் எனக்கு முட்டி மடங்காதுக்கா. யாரோ பார்க்கிற மாதிரியே இருக்கும்.

பாய் சொல்லிக்கொண்டே போனார். உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் பதியணும், தொங்கக் கூடாது. தொடை சமமாக இருக்கணும். இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்குகிற இடத்தில் சேர் கொஞ்சம் வெளியே தள்ளி வந்து தாங்கணும். ஸ்பாஞ்சை முஷ்டியால் குத்திப் பார், மெதுவாக எழும்பி வந்தால் நல்ல ஸ்பாஞ்ச், குத்தின உடனே துள்ளினால் ஆறு மாசத்தில் பலகை. அடியில் அஞ்சு கால் இருக்கணும், நாலு கால் வாங்காதே, சாயும். எல்லாம் கேட்டேன். ஆனால் மனசுக்குள் என்ன ஓடியது தெரியுமா? இதே மாதிரித்தானே நானும் பேசுவேன், "கட்டினா ஒடம்போட நிக்கும்க்கா, கசங்காது, வெயிட்டே இருக்காது" என்று. விற்கிறவர் பேச்சு விற்கிறவருக்குத் தெரியாதா? அதனால் நான் எனக்குத் தெரிந்ததைப் பார்த்தேன். துணியைப் பார்த்தேன்.

நகத்தால் கீறிப் பார்த்தேன். விரலை ஈரமாக்கித் தேய்த்துச் சாயம் பார்த்தேன். முதுகுப் பக்கம் வலை மாதிரி இருக்கே, அதை வெளிச்சத்தில் பிடித்து நெசவு பார்த்தேன். திருப்பிப் போட்டுத் தையலை எண்ணினேன். இந்தக் கருநீலம்தான் ரெட்டைத் தையல், நூல் ஒன்றுகூடப் பிரியவில்லை. "இது" என்றேன்.

"துணிய பாத்து சேர் எடுக்குற ஒரே ஆளும் நீதாம்மா" என்றார் பாய். ஆனால் "வேணாம்" என்று சொல்லவில்லை.

திருவானைக்காவலா இது? கொஞ்சம் தள்ளிக்குங்க, அந்த அண்ணன் இறங்கட்டும். சேர்மேல் கை வைக்காதீங்கண்ணே, அழுக்காகும்.

குட்டியானை வண்டியில் ஏற்றி வீட்டுக்கு வந்த அன்றைக்கு அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். இதோ, கைப்பிடிக்கு அடியில் இன்னும் கறை இருக்கு பாருங்க. ஆரத்தி எடுக்காததுதான் குறை. தெருவில் பாதிப் பேர் வாசலில். அண்ணன் உட்கார்ந்தான். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் சேரைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு, கலெக்டர் ஆபீஸ் உள்ளே வந்தவர் மாதிரி நின்றார். "நல்லாருக்காப்பா?" என்றார். அண்ணனைப் 'பா' போட்டு அவர் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"நல்லாருக்குப்பா" என்றான்.

ஒரு வாரம். அப்புறம் "இங்க வலிக்குது" என்றான், இடுப்பைக் காட்டி. சரி என்று உயரத்தை இறக்கினேன். சைடில் ஒரு லீவர் இருக்கு, தூக்கினால் புஸ்ஸென்று இறங்கும். அடுத்து கழுத்து என்றான். ஏற்றினேன். பாய்க்குப் போன் போட்டேன், காலுக்கு அடியில் ஒரு பலகை வை என்றார், வைத்தேன். அடுத்து தோள். மாசி போனது, பங்குனி போனது. ஒருநாள் லீவில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன், "எந்த எடம்னு கரெக்டா சொல்லு, வாரத்துக்கு ஒரு எடம் சொல்லாத." "எல்லா எடத்துலயும் வலிக்குது நிரோ" என்றான்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான்தான் தப்பாக எடுத்துவிட்டேன் என்று. சேர் சரியில்லையென்றால்தானே எல்லா இடத்திலும் வலிக்கும்? துணியைப் பார்த்து எடுத்த சேர் வேறு எப்படி இருக்கும்? வீட்டில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அம்மா திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். "பரவால்லடி, ஒனக்கென்ன தெரியும்" என்றாள். ரெண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் சேலை எடுத்துக் கொடுத்திருப்பேன், எனக்கென்ன தெரியும் என்கிறாள்.

வலி அவனை ரொம்பப் படுத்துதுக்கா. என் லீவு அன்றைக்குத்தான் பகலில் வீட்டில் இருப்பேன், அப்போது பார்ப்பேன். சேரில் புக்கெல்லாம் அடுக்கி வைத்திருப்பான். அவன் கீழே, மேஜைக்குப் பக்கத்தில் பாய் போட்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். வலிக்கிறவன் படுக்கத்தானே செய்வான்? சாப்பாடும் இறங்கவில்லை. செந்தூர்பாண்டி என்று அவன் கூடப் படித்தவன், வாரா வாரம் வருவான், இப்போது வந்தால் "தூங்குறேன்னு சொல்லிரு" என்கிறான். போனை அணைத்தே வைத்திருக்கிறான். கவனம் சிதறக் கூடாதென்றுதான். ஹால் டிக்கெட் வந்துவிட்டது, எடுத்தியாடா என்று கேட்டால் "எடுத்துக்கலாம்" என்கிறான். தலைமுடி கொட்டுகிறது. படிக்கிறவர்களுக்குக் கொட்டும் இல்லையா?

நான் சும்மா இருக்கவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஒருநாள் கேட்டுவிட்டேன். "நான் பத்து மணி நேரம் நிக்கிறேன்டா. ஒனக்கு உக்கார்றதுக்கு என்ன நோவு?" என்று. அவன் கோபப்படுவான் என்று பார்த்தேன். கோபப்படவில்லை. எழுந்து, புக்கை எல்லாம் கீழே இறக்கி வைத்து, சேரை என் பக்கம் தள்ளிவிட்டான். சக்கரம் உருண்டு வந்து என் முட்டியில் இடித்து நின்றது.

"நீ வேணா உக்காரு நிரோ" என்றான்.

எவ்வளவு நக்கல் பாருங்க. நான் காலால் எத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

டோல்கேட் வந்துவிட்டதா? இங்கே கூட்டம் இறங்கும். இல்லைக்கா, அந்த சீட் வேண்டாம், அங்கே போய் உட்கார்ந்தால் இதை யார் பிடிப்பது? நீங்க ஜன்னல் பக்கம் நல்லா நகர்ந்து உட்காருங்க.

இன்றைக்கு என் வார லீவு. காலையில் முதல் பஸ்ஸில் இதை ஏற்றினேன். போகும்போது இருந்த கண்டக்டர் நல்லவர், டிக்கெட் கேட்கவில்லை. பாய் கடைக்குப் போய், "மாத்திக் குடுங்க" என்றேன்.

பாய் சேரைக் கவிழ்த்துப் போட்டார். நாலு மாசம்தானே ஆச்சு என்று சக்கரத்தை ஒவ்வொன்றாக உருட்டினார். குனிந்து பார்த்தார். ஸ்பாஞ்சைக் குத்தினார். மெதுவாக எழும்பி வந்தது. என்னைப் பார்த்தார்.

"வீட்ல பொம்பளைங்க எத்தன பேரு?"

"நானும் எங்கம்மாவும்."

"உன் முடி இவ்ளோ நீளம் இருக்கு. அம்மாவுக்கும் இருக்கும். நாலு மாசம் வீட்டுக்குள்ள உருண்ட சேருன்னா சக்கரத்துல முடி கயிறு மாதிரி சுத்தியிருக்கும். கத்தி வச்சு அறுத்துத்தான் எடுக்குறேன் எல்லா சேருலயும். இதுல ஒத்த முடி இல்ல. ஸ்பாஞ்சு நான் குடுத்தப்ப எப்டி இருந்துச்சோ அப்டியே இருக்கு. இதுல யாரும் ஒக்காரலம்மா."

எனக்கு எப்படி இருக்கும்? கத்திவிட்டேன். "எங்கண்ணன் தெனம் பதினாலு மணி நேரம் உக்கார்றான், நீங்க பாத்தீங்களா?" என்றேன். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நீங்களே சொல்லுங்கக்கா, நாலு மாசம் பதினாலு மணி நேரம் ஒருத்தன் உட்கார்ந்தும் ஸ்பாஞ்ச் அமுங்கவில்லை, தையல் பிரியவில்லை என்றால் அது என்ன அர்த்தம்? உழைக்கிற சரக்கை எடுத்திருக்கேன் என்று அர்த்தம். அதில் மட்டும் நான் தப்புப் பண்ணவில்லை. அந்த நல்லதையே எடுத்து எனக்கு எதிராகத் திருப்புகிறார். நானே கடையில் நிற்கிறவள், சரக்கைத் திருப்பி வாங்காமலிருக்க என்னென்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? "கட்டிக் கிழிச்சுட்டு வந்துருக்கீங்க" என்று நாங்க சொல்வோம். இவர் உட்காரவே இல்லை என்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார். "மாத்தித் தர்றேன், அது ஒண்ணும் பெருசில்ல. ஆனா இதே சேரத்தான் வேற ஒண்ணு எடுத்துத் தரணும், இதவிட நல்லது எங்கிட்ட இல்ல. எங்க வலிக்குதுன்னு நீயே ஒக்காந்து காட்டு, அந்த எடத்த சரி பண்றேன்" என்றார். எனக்கா வலி? நான் எப்படிக் காட்டுவது? நிற்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு, கைப்பிடியைத் துடைத்து, அவரே சத்திரம் வரை ஆட்டோவில் வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

ஏங்க்கா அப்படிப் பார்க்கிறீங்க?

இல்லை, என்னமோ சொல்ல வந்தீங்க. சொல்லுங்க. நான் எதையும் நேராகச் சொல்கிறவள், எனக்கும் நேராகச் சொல்லலாம்.

சொல்ல மாட்டீங்களா? சரி விடுங்க. எல்லாரும் இப்படித்தான், சேரைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், அப்புறம் வெளியே பார்க்கிறார்கள்.

தாளக்குடி தாண்டி, வாளாடியும் போய்விட்டது. இன்னும் மாந்துறை, அப்புறம் எங்க ஊர்தான். அம்மா வாசலிலேயே நிற்பாள். புது சேர் வரும் என்று. காலையில் கிளம்பும்போது அண்ணன் எழுந்து உட்கார்ந்து கேட்டான், "மாத்திருவாங்களா?" என்று. மாத்தாமல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது போய் என்ன—

ஐயோ! பிடிங்க, பிடிங்க! பெரியவரே, நகருங்க!

பட்டுவிட்டதா ஐயா? மன்னிச்சிருங்க. டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நான் என்ன செய்வது? ஆமாம் என் சேர்தான். கத்தாதீங்க கண்டக்டர் சார், கேட்குது. பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், எண்ணெய் போட்டிருக்கு, கையிலிருந்து நழுவிவிட்டது. இறங்க முடியாது, டிக்கெட் எடுத்திருக்கேன் இல்ல? உட்காரணுமா? இதிலா? நான் உட்கார்ந்தால்தான் நிற்குமா?

எல்லாரும் ஒன்றாகச் சொல்லாதீங்க. சரி. சரி. உட்காருகிறேன்.

முன்னாடி என்ன, வைக்கோல் லாரியா? சாய்ந்து கிடக்கா? அப்படியென்றால் எடுக்க நேரமாகும்.

உட்கார்ந்துவிட்டேன் போதுமா.

ஒரு நிமிஷம் பேசாதீங்கக்கா.

பாதம் தரையில் முழுசாகப் பதியுது. அண்ணன் அளவு நூலுக்கு வாங்கினது, எனக்கும் பதியுது. நாங்க ரெண்டு பேரும் ஒரே உயரம், அது எனக்குத் தோன்றவே இல்லை. கால் குடையுது, அது இல்லை, அது என் கால், ரெண்டு வருஷமாகக் குடையுது. நிற்கும்போது தெரியாது. உட்கார்ந்தால்தான் தெரியும்.

இங்கே, இடுப்புக்கு மேலே. யாரோ உள்ளங்கையை வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கு. பாய் சொன்னார். தள்ளி வந்து தாங்கணும் என்று. தாங்குது.

கழுத்து ஒன்றும் இல்லை. தோள் ஒன்றும் இல்லை.

வலிக்கலக்கா.

இருங்க, நல்லா சாய்ந்து பார்க்கிறேன். இந்தப் பக்கம். இல்லை. எங்கயுமே வலிக்கல.

எங்க வீட்டில் எங்க பார்த்தாலும் முடிதான். சோற்றில்கூட. தினமும் கூட்டும்போது பந்து பந்தாக எடுப்பேன். சக்கரத்தில் ஒன்றுகூட இல்லை என்று பாய் காட்டினபோது நானும் குனிந்து பார்த்தேன்க்கா. பார்த்துவிட்டுத்தான் கத்தினேன்.

அப்ப அவனுக்கு எங்கக்கா வலிக்குது?

நீங்க ஏன் அழுறீங்க? நான் அழவில்லையே. நான் கேட்கத்தான் செய்கிறேன். இடுப்பு என்றால் இடுப்புக்கு ஒன்று செய்யலாம், கழுத்து என்றால் ஏற்றி இறக்கலாம். எல்லா இடத்திலும் என்று சொன்னான். நான் உயரத்தைத்தான் மாற்றி மாற்றி வைத்தேன். எனக்கு அந்த லீவர்தான் தெரியும்.

முப்பத்தாறு நாள் இருக்கு என்று சொன்னேன் இல்ல. அதை மறந்துருங்க.

லாரி நகர்ந்துவிட்டதா? நகரட்டும். நான் எழுந்துக்க மாட்டேன். லால்குடி வரை இப்படியே வருகிறேன். நீங்களும் பஸ் ஸ்டாண்டுதானே? இறங்கும்போது ஒரு கை பிடிங்க.

வீட்டில் ஒன்று சொல்லப்போகிறேன்க்கா. மாத்திக் கொடுத்துட்டாங்க, இது வேற சேர் என்று. அதே கருநீலம்தானே, அம்மா நம்பிவிடுவாள். கறையை எச்சில் தொட்டு இங்கேயே துடைத்துவிடுகிறேன். அப்பா எப்படியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அண்ணனுக்குத் தெரிந்துவிடும். எத்தனை நாள் கீழே படுத்து இந்தச் சக்கரத்தையே பார்த்திருப்பான், அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும், "இது நல்லாருக்கு"ன்னு அம்மாவிடம் சொல்லிருவானோ என்றுதான் பயமாக இருக்கு.

நான் முதல் தடவையாகப் பொய் சொல்லப்போகிறேன், அவன் எத்தனையாவது தடவையோ.

வந்துருச்சு. அந்தப் பையைக் கொடுங்க. ஃபாரம் மடங்கினால் மடங்கட்டும். இந்தப் பக்கம் நான் தூக்குகிறேன், அந்தப் பக்கம் நீங்க. டிக்கெட்டா? அது சேரிலேயே இருக்கட்டும்.

மெதுவாக்கா. கீழே வைத்ததும் விட்டுவிடாதீங்க. ஓடிரும்.